“அழுற படம் வேணாம்க்கா... சிரிக்கிற படமா போடு!”

2006 தீபாவளி. குறிஞ்சிப்பாடியில் காலையிலிருந்தே மழை. வெடியெல்லாம் நமத்துப்போனதால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து எங்கள் வீட்டு டிவி முன்னால் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். அம்மா சுட்ட அதிரசம் தட்டில் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்த அப்பா, கைலியோடு சுவரில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் காமெடி சீன் வந்தது. ஒருவர் இடுப்பை ஆட்டியபடி நடந்து வருகிறார். ஹீரோவின் தோளைத் தொடுகிறார். ஹீரோ அலறியடித்துக்கொண்டு ஓடுகிறார். அவ்வளவுதான் காமெடி. பதினோரு பேரும் சிரித்தோம், தூக்கத்திலிருந்த அப்பா உட்பட. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் என் தம்பி. அப்போது அவனுக்கு 13 வயது.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரிய 15 வருடம் ஆனது. 2021-ல் ஒருநாள் பெங்களூரிலிருந்து போன் செய்தான். ஒரு மணி நேரம் என்னென்னவோ பேசிவிட்டு, கடைசியில் கேட்டான்.

“அக்கா, அந்தத் தீபாவளிக்கு நான் ஏன் அவ்ளோ சத்தமா சிரிச்சேன் தெரியுமா? சிரிக்காம இருந்தா எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துடுவாங்களோன்னு பயம்.”

அதன் பிறகுதான் தன்னைப் பற்றியும், மூன்று வருடமாகத் தன்னோடு இருக்கும் நண்பரைப் பற்றியும் சொன்னான். நண்பர் என்ற சொல்லை அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்பது எனக்குப் புரிந்தது.

அன்றைக்கு ராத்திரி, ‘இனிமேல் எல்லாவற்றையும் நானே கற்றுக்கொள்கிறேன்’ என்று நல்ல அக்காவாக யூடியூபையும் ஓ.டி.டி-யையும் குடைந்தேன். ஒரு வாரத்தில் நாலைந்து படம் பார்த்தேன். எல்லாமே விருது வாங்கிய படங்கள். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் சாகிறார், அல்லது ஊரைவிட்டுப் போகிறார். கண் வீங்க அழுதுவிட்டு, “இதையெல்லாம் அப்பா அம்மாவுக்குப் போட்டுக் காட்டவாடா?” என்று கேட்டேன்.

“அழுற படம் வேணாம்க்கா. அதைப் பார்த்தா, ‘ஐயோ, நம்ம புள்ளைக்கும் இதான் கதியா’ன்னு ராத்திரி தூங்க மாட்டாங்க. சிரிக்கிற படமா போடு. நாங்களும் சாம்பார்ல உப்பு பத்தலைன்னு சண்டை போடுவோம், வயசானா மூட்டு வலின்னு புலம்புவோம்னு அவங்களுக்குத் தெரியட்டும்.”

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் தேடிய தேடல்தான் இந்தக் கட்டுரை. தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாத” என்றான். போடவில்லை.

யார் சிரிக்கிறார்கள்... யாரைப் பார்த்து?

நம்மூர் சினிமாவில் திருநங்கைகளும், ‘பெண்தன்மை’ கொண்ட ஆண்களும் ரொம்ப காலமாகவே இருக்கிறார்கள். ஆனால், பெரும்பாலும் கேலிக்காக. அவர்கள் வந்தாலே சிரிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. எங்கள் ஊரிலிருந்து கூவாகம் ஒன்றும் தூரமில்லை. சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயிலுக்குத் திருநங்கைகள் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்து வளர்ந்த நாங்களே, திரையில் அவர்களைப் பார்த்தால் சிரித்தோம். 2015-ல் ‘ஐ’ படம் வந்தபோது, அதில் திருநங்கை கதாபாத்திரத்தைக் காட்டியிருந்த விதத்தை எதிர்த்துத் திருநங்கைகள் வெளிப்படையாகவே போராட்டம் நடத்தினார்கள். ‘எங்களை வைத்துச் சிரித்தது போதும்’ என்று அவர்கள் சொன்னது அப்போது எனக்கும் உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

அதே நேரம், மாற்றமும் நம்மூரில்தான் நடந்திருக்கிறது. 2008-ல் விஜய் டிவி-யில் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியை நடத்தியவர் ரோஸ் வெங்கடேசன் என்ற திருநங்கை. பட்டுப்புடவையும் ஆங்கிலமும் கூர்மையான கேள்விகளுமாக அவர் வந்து உட்கார்ந்தபோது, “இந்தப் பொண்ணு என்னமா பேசுது பாரேன்!” என்றார் அம்மா. ‘பொண்ணு’ என்றுதான் சொன்னார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2011-ல் ‘காஞ்சனா’. பேய் என்றால் அலறும் ராகவா லாரன்ஸ், அவருக்கு அம்மாவாக கோவை சரளா. தியேட்டரே குலுங்கிய படம். ஆனால், இடைவேளைக்குப் பிறகு சரத்குமார் திருநங்கை காஞ்சனாவாக வந்ததும் கூட்டம் அமைதியானது. பெற்ற வீடு துரத்திவிட, தன்னைப் போலவே துரத்தப்பட்ட இன்னொரு பிள்ளையை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிற கதாபாத்திரம் அது. பேய்ப் படத்துக்கே உரிய மிகைகள் நிறைய உண்டு. என்றாலும், சிரிக்க வந்த குடும்பங்கள் ஒரு திருநங்கையின் பக்கம் நின்று கைதட்டிய படம் என்று அதைச் சொல்லலாம்.

2019-ல் தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’. ஏழு வருடம் கழித்து வீடு திரும்பும் மாணிக்கத்துக்காக மொத்தக் குடும்பமும் வாசலில் காத்திருக்கிறது. காரிலிருந்து புடவை கட்டிக்கொண்டு ஷில்பாவாக இறங்குகிறார் விஜய் சேதுபதி. பெரியவர்கள் எல்லோரும் உறைந்து நிற்க, எதுவுமே நடக்காததுபோல அப்பா கையைப் பிடித்துக்கொள்பவன் பொடியன் ராசுக்குட்டி மட்டும்தான். அப்பா பெண்ணாக மாறியது அவனுக்குப் பிரச்னையே இல்லை. தன்னை விட்டுவிட்டுப் போனதுதான் பிரச்னை. இந்தப் படத்துக்காக விஜய் சேதுபதிக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அதே சமயம், ‘திருநங்கையாக ஒரு திருநங்கையையே நடிக்க வைத்திருக்கலாமே’ என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்வி. 2011-லேயே ‘நர்த்தகி’ படத்தில் கல்கி சுப்ரமணியம் நடித்துக் காட்டியிருக்கிறாரே!

ஒரு எச்சரிக்கை: ‘சூப்பர் டீலக்ஸ்’ ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படம். குழந்தைகளோடு உட்கார்ந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அம்மாவுக்கு ஒரு மதியச் சாப்பாடு

படம் காட்டும் திட்டத்தை அம்மாவிடமிருந்து ஆரம்பித்தேன். தம்பி சொல்லாமலேயே அம்மாவுக்குப் பாதி தெரியும் என்பது என் சந்தேகம். 30 வயது தாண்டியும் அவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சை அம்மா எடுக்கவே இல்லை. அப்பா எடுத்தாலும், “அவனுக்கு வேலை டென்ஷன்” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

2025 காதலர் தினத்தன்று வெளியான ‘காதல் என்பது பொதுவுடமை’ படத்தைத்தான் முதலில் போட்டேன். இயக்கம் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன். கதை நம் வீட்டு ஹாலிலேயே நடப்பதுபோல இருக்கும். மகளாக லிஜோமோல் ஜோஸ், அம்மாவாக ரோகிணி. ‘நான் ஒருத்தரைக் காதலிக்கிறேன்’ என்று மகள் சொன்னதும், முற்போக்கான அம்மா சந்தோஷமாக மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார். ஒரு பையனும் ஒரு பெண்ணும் வருகிறார்கள். அம்மா அந்தப் பையனை விழுந்து விழுந்து உபசரிக்கிறார். மகள் காதலிப்பதோ அந்தப் பெண்ணை!

இது முழுக்கச் சிரிப்புப் படம் இல்லை. பின்பாதியில் கனமான பேச்சுகள் உண்டு. ஆனால், அந்தத் தவறான உபசரிப்பில் இருக்கும் சிரிப்பு அசலான வீட்டுச் சிரிப்பு. அதைவிட முக்கியம், ஊருக்கெல்லாம் முற்போக்கு பேசும் ஒருவர் தன் வீட்டுக்குள் அது வரும்போது எப்படித் தடுமாறுகிறார் என்பது. எங்கள் அம்மா முழுப் படத்தையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவ்ளோ சமைச்சாங்களே, ஒருத்தரும் ஒழுங்கா சாப்பிடலியே?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே முடித்தார். “என்ன கோவமா இருந்தாலும் முதல்ல சோத்தைப் போட்டுடணும். பேச்சையெல்லாம் அப்புறம் வச்சுக்கணும்.” வடலூர் தருமசாலைக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி வாழ்பவர் வேறு எப்படிப் பேசுவார்? 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கும் ஊர்ப்பக்கம் இது. வந்தவர் யார் என்று கேட்டுவிட்டு அங்கே சோறு போடுவதில்லை.

அடுத்த வாரம் ‘பதாய் தோ’ பார்த்தோம். 2022-ல் வந்த இந்திப் படம். இது அசல் காமெடி. மகளிர் காவல் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரே ஆண் போலீஸாக ராஜ்குமார் ராவ். பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சராக பூமி பெட்னேகர். அவருக்கு ஆண்கள்மீது ஈர்ப்பு, இவருக்குப் பெண்கள்மீது. ‘எப்பப்பா கல்யாணம்?’ என்ற வீட்டு நச்சரிப்பு தாங்க முடியாமல், இருவரும் பேசி வைத்துக்கொண்டு ஒரு ஒப்பந்தக் கல்யாணம் செய்கிறார்கள். ‘ரூம் மேட்’ மாதிரி வாழலாம் என்பது திட்டம். ஆனால், கல்யாணம் முடிந்த கையோடு ‘எப்பப்பா குழந்தை?’ என்று அடுத்த நச்சரிப்பு ஆரம்பமாகிறது. நம் சொந்தக்காரர்களை ஒளிந்திருந்து படம் பிடித்தார்களோ என்று தோன்றும்.

அதில் ஹீரோவின் அம்மா ஒரு வெகுளி. படம் முழுக்க யாரும் அவரைப் பொருட்படுத்த மாட்டார்கள். மகன் மொத்தக் குடும்பத்தின் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டு நொறுங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது, அவர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் கட்டிக்கொள்வார். அந்த இடத்தில் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனார். ‘பால் பொங்குது’ என்றார். அடுப்பில் பாலே இல்லை.

அன்று ராத்திரி அம்மா தம்பிக்கு போன் செய்து பேசினார். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஒரு சுரங்கப் படம்

இனி அப்பா. அவரிடம் காதல் படம் எதுவும் எடுபடாது. நெய்வேலி சுரங்கத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கெட் வீல், கன்வேயர், ஷிஃப்ட், யூனியன் இவைதான் அவருடைய உலகம். 1956-ல் நிறுவனம் தொடங்கிய காலத்துக் கதைகளைத் தன் மூத்த தொழிலாளர்களிடம் கேட்டு வளர்ந்தவர். 2013 ஜூலையில் பங்கு விற்பனையை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில், வாசலில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கோஷம் போட்டவர்.

“அப்பா, ஸ்ட்ரைக் பத்தி ஒரு படம். இங்கிலீஷ் படம். சுரங்கத் தொழிலாளிங்க ஒரு வருஷம் ஸ்ட்ரைக் பண்ணின உண்மைக் கதை” என்றேன்.

“ஒரு வருஷமா?” அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படத்தின் பெயர் ‘ப்ரைடு’. 2014-ல் வந்த பிரிட்டிஷ் படம். இயக்கம் மேத்யூ வார்ச்சஸ். 1984 மார்ச்சில் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் முடிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்குகிறார்கள். மார்கரெட் தாட்சர் அரசு அசையவில்லை. சங்கத்தின் பணமும் முடக்கப்படுகிறது. தொழிலாளர் வீடுகளில் பசி.

இந்த நேரத்தில் லண்டனில் மார்க் ஆஷ்டன் என்ற இளைஞருக்கு ஒன்று தோன்றுகிறது. ‘போலீஸும் பத்திரிகைகளும் இத்தனை நாள் நம்மைத்தான் துரத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது சுரங்கத் தொழிலாளர்களைத் துரத்துகிறார்கள். அப்படியென்றால் அவர்களும் நம்மைப் போலத்தானே?’ தன்பாலீர்ப்பாளர்களான நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, கையில் வாளியோடு தெருவில் நின்று தொழிலாளர்களுக்காகக் காசு வசூலிக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காசை வாங்கிக்கொள்ள முதலில் ஆள் கிடைக்கவில்லை. இவர்கள் யார் என்று சொன்னதும் போனை வைத்துவிடுகிறார்கள். கடைசியில் வேல்ஸ் பகுதியில் டுலைஸ் பள்ளத்தாக்கு என்ற இடத்திலிருக்கும் சுரங்கத் தொழிலாளர்கள் ‘சரி’ என்கிறார்கள். நன்றி சொல்ல லண்டன் வரும் தொழிலாளர் பிரதிநிதி, அமைப்பின் பெயரில் முதலில் இருந்த ‘எல்’ எழுத்துக்கு லண்டன் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அது லெஸ்பியனுக்கான ‘எல்’ என்று தெரிந்ததும் அவர் முழிக்கும் முழி இருக்கிறதே!

இந்த இடத்தில்தான் அப்பாவுக்கு விஷயம் புரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் டிவி-யையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போகவில்லை. ஸ்ட்ரைக் என்ன ஆனது என்று தெரிய வேண்டுமே!

படத்தைத் தமிழில் பார்க்க வழியில்லாததால், நானே நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தேன். வேல்ஸ்காரர்களின் ஆங்கிலம் எனக்கே பாதிதான் புரிந்தது. எனக்குப் புரியாத இடமெல்லாம் அப்பாவுக்குப் புரிந்தது. “உள்ளாற இறங்குற சுரங்கம்மா அது. நம்மளது தொறந்தவெளி. இவங்களுக்கு மேல மலை நிக்கும்” என்று எனக்குப் பாடம் எடுத்தார். லண்டன்காரர்கள் முதல்முறை அந்த ஊர் மன்றத்துக்கு வரும்போது, கூட்டத்தில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு அவர்களில் ஒருவர் மேஜைமேல் ஏறி ஆட்டம் போடுவார் பாருங்கள்... ஊர்ப் பெண்களெல்லாம் எழுந்து ஆட, இளவட்டத் தொழிலாளர்கள் ‘எங்களுக்கும் ஆடக் கற்றுக்கொடு, பெண்களிடம் பேச வசதியாக இருக்கும்’ என்று வந்து நிற்பார்கள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பாட்டி, லெஸ்பியன் பெண்களைப் பற்றித் தான் கேள்விப்பட்ட பயங்கரமான விஷயம் உண்மையா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். நாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால், ‘நீங்கள் எல்லாரும் சைவமாமே?’ என்பார். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

(அந்தப் பாட்டிகள் லண்டன் வந்து அடிக்கும் லூட்டியில் ஓரிரு காட்சிகள் கொஞ்சம் விவகாரமானவை. அப்போது அம்மா, ‘வத்தலை அள்ளிட்டு வரேன்’ என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டார். பெரிய பிள்ளைகளோடு பார்க்கலாம். சின்னக் குழந்தைகள் வேண்டாம்.)

இன்னொரு காட்சி. ஊர்க் கூடத்தில் எல்லோருக்கும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது, ஊரே மதிக்கும் வயதான மனிதர் ஒருவர், தானும் அப்படித்தான் என்று ஒரு அம்மாவிடம் மெதுவாகச் சொல்வார். அந்த அம்மா வெண்ணெய் தடவுவதை நிறுத்தாமலே, தனக்கு அது பல வருடமாகத் தெரியும் என்பார். பில் நை, இமெல்டா ஸ்டான்டன் இருவரும் நடித்த அந்த ஒரு நிமிடம், பத்து அழுகைப் படங்களுக்குச் சமம். அப்பா இந்த இடத்தில் எதுவும் சொல்லவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார்.

இதெல்லாம் கதையல்ல, நடந்தது. பிரிட்டன் முழுக்க இப்படி 11 குழுக்கள் உருவாயின. லண்டன் குழு மட்டும் 22,500 பவுண்டு திரட்டியது. 1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. அதைப் படம் மறைக்கவில்லை. ஆனால், அதே வருடம் ஜூன் மாதம் லண்டனில் பால்புதுமையினரின் பெருமிதப் பேரணி நடந்தபோது, சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகைகளோடு பஸ் பிடித்து வந்து அதில் நடந்தார்கள். தன்பாலீர்ப்பாளர்களின் உரிமையை ஆதரிக்கும் தீர்மானம் அந்த ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் நிறைவேறியதற்கும், சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் ஓட்டு பெரிய காரணம்.

படம் முடிந்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு யூனியன்காரராக ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை பஸ்ல வந்தாங்க?”

“எண்ணலையேப்பா. நிறைய பஸ்.”

“ஸ்ட்ரைக்ல தோத்துட்டு, கையில காசில்லாம, அவ்ளோ தூரம் வந்திருக்கானுங்க.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கஷ்டத்துல வந்து நின்னவனை மறக்கக் கூடாதுல்ல.”

சொல்லும் வேண்டும்

நிறைய வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பிக்காததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. பேசச் சொல் கிடையாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் கேட்ட கிண்டல் சொற்கள்தான். இப்போது நல்ல சொற்கள் வந்துவிட்டன. திருநங்கை என்ற சொல் நிலைத்துவிட்டது. ஒரே பாலினத்தவர் மீது ஈர்ப்பு கொண்டவர்களைத் தன்பாலீர்ப்பாளர் என்கிறோம். எல்லோருக்கும் பொதுவாகப் பால்புதுமையினர் என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது.

2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜூனில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பு இன்னும் நெருக்கமானது. வீட்டுக்குத் தெரியாமல் வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. ‘எனக்கு இது பற்றிப் போதிய புரிதல் இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதன் பிறகு தீர்ப்பு எழுதினார். ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்று சிகிச்சை செய்வதற்கும் தடை போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் சொற்களின் பட்டியலை 2022-ல் தமிழக அரசு வெளியிட்டது. ஒரு நீதிபதியே ‘கற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லும்போது, அப்பா அம்மாக்கள் சொல்வதில் என்ன வெட்கம்?

உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

வயதுக்கும் ரசனைக்கும் ஏற்றபடி இன்னும் சில. எல்லாமே மனசு லேசாகும் வகைதான்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு: ‘நெவர் ஹேவ் ஐ எவர்’. நெட்ஃப்ளிக்ஸ் தொடர், 2020 முதல் 2023 வரை நான்கு சீசன்கள். அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பெண் தேவியாக நடித்திருப்பவர், கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். தேவியின் தோழி ஃபேபியோலா ரோபோ செய்யும் படிப்பாளி. தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதை அவள் முதன்முதலில் வாய்விட்டுச் சொல்வது, தான் செய்த ரோபோவிடம்! மனிதர்களிடம் சொல்லும் முன் ஒத்திகை. சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். தேவியின் அம்மா போடும் அதட்டல்கள் நம் வீட்டு அதட்டல்களேதான். டீன் ஏஜ் காதல் பேச்சுகள் வெளிப்படையாக இருக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு: ‘ஹார்ட்ஸ்டாப்பர்’. ஆலிஸ் ஓஸ்மேன் வரைந்த படக்கதையிலிருந்து 2022-ல் நெட்ஃப்ளிக்ஸில் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர். ஒரே பள்ளியில் படிக்கும் சார்லி, நிக் இருவரின் முதல் காதல். கை விரல்கள் தொட்டுக்கொள்ளும்போது திரையில் பூவும் இலையும் பறக்கும். முதல் சீசனை மேல்வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்தே பார்க்கலாம். அடுத்தடுத்த சீசன்களில் மனநலப் பிரச்னைகளும் வரும். பெற்றோர் உடன் இருப்பது நல்லது.

கூட்டுக் குடும்பத்துக்கு: ‘சுப் மங்கள் ஜ்யாதா சாவ்தான்’. 2020-ல் வந்த இந்திப் படம். ஆயுஷ்மான் குரானாவும் ஜிதேந்திர குமாரும் காதலர்கள். அப்பா ஒரு விவசாய விஞ்ஞானி. கறுப்பு காலிஃப்ளவர் கண்டுபிடித்தவர். காலிஃப்ளவர் எந்த நிறத்திலும் இருக்கலாம் என்று நம்புகிறவருக்கு, மகன் வேறு மாதிரி இருப்பது மட்டும் தாங்கவில்லை. கல்யாண வீடு, சித்தப்பா, சித்தி, தங்கை என்று ஒரே கலாட்டா.

நிதானமாக ரசிப்பவர்களுக்கு: ‘ஷிட்ஸ் கிரீக்’. கனடா தொடர், ஆறு சீசன்கள். 2020 எம்மி விருதுகளில் நகைச்சுவைப் பிரிவின் ஏழு முக்கிய விருதுகளையும் மொத்தமாக அள்ளியது. சொத்தையெல்லாம் இழந்த கோடீஸ்வரக் குடும்பம், ஒரு காலத்தில் விளையாட்டாக விலைக்கு வாங்கிப்போட்ட பட்டிக்காட்டில் வந்து தங்குகிறது. மகன் டேவிட்டுக்கும் பேட்ரிக்குக்கும் மலரும் காதலை அந்த ஊரில் ஒருவர்கூடக் கேலி செய்வதில்லை. அப்படி ஒரு ஊரைக் காட்ட வேண்டும் என்பது தொடரை உருவாக்கிய டேன் லெவியின் முடிவு. பேட்ரிக்கின் பெற்றோருக்கு உண்மை தெரியவரும் எபிசோடை மட்டுமாவது பெற்றோர்கள் பார்க்க வேண்டும். மகன் யாரை விரும்புகிறான் என்பது அவர்களுக்கு வருத்தமே இல்லை. ‘நம்மிடம் சொல்ல அவன் பயப்பட்டானே’ என்பதுதான் வருத்தம்.

சேர்ந்து பார்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

* முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். எந்த இடத்தில் டீ போடப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

* ‘உங்களுக்குப் புரிய வைக்கத்தான் இந்தப் படம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களுக்குப் பிடித்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். அப்பாவுக்கு ஸ்ட்ரைக், அம்மாவுக்குச் சாப்பாடு, உங்கள் வீட்டில் என்னவோ அது.

* வீட்டில் யாராவது இன்னும் சொல்லாமல் இருக்கலாம் என்று தோன்றினால், படம் பார்க்கும்போது அவர் முகத்தையே பார்க்காதீர்கள். ‘நீயுமா?’ என்று கேட்கவும் வேண்டாம். நீங்கள் எந்த இடத்தில் சிரிக்கிறீர்கள், எந்த இடத்தில் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்துக்கொண்டிருப்பார். அதுவே போதும்.

* பழைய படங்களின் கேலிக் காட்சி டிவி-யில் வந்தால் பெரிய பிரசங்கம் வேண்டாம். ‘இதுல என்ன இருக்கு சிரிக்க?’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு சேனலை மாற்றுங்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு 13 வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்பது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் பதினோரு பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

எத்தனை மணிக்கு பஸ்?

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பா இன்னும் அந்தச் சொற்களில் எதையும் வாயால் சொன்னதில்லை. தம்பியிடம் நேராகக் கேட்டதும் இல்லை. தெருவில் யாராவது ‘பையனுக்கு இன்னும் முடிக்கலியா?’ என்று கேட்டால், “அவன் நல்லா இருக்கான்” என்று மட்டும் சொல்கிறார். முன்பெல்லாம் “பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்பார். அந்த வித்தியாசத்தை நான் மட்டுமல்ல, தம்பியும் கவனித்திருக்கிறான்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தம்பியிடமிருந்து போன். வடலூர் ஜோதி தரிசனத்துக்கு வருகிறானாம். சத்திய ஞான சபையில் ஏழு திரைகளும் விலகி ஜோதி தெரிவதைச் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவன் அவன். வேலைக்குப் போன பிறகு ஒரு வருடம்கூட வந்ததில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். “அக்கா, நான் மட்டும் வரட்டுமா, இல்ல...” என்று இழுத்தான்.

நான் பதில் சொல்வதற்குள், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“ரெண்டு பேரும் எத்தனை மணி பஸ்ல வர்றீங்க? ஸ்டாண்டுக்கு நான் வரேன்.”

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. “அந்தப் புள்ளைக்குச் சாம்பார்ல உப்பு எப்படிப் போடணும்னு கேளுடி.”

தம்பி எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது.